படைமுரசும் மோர்க்குழம்பும்

முன்னொரு காலத்தில், எந்தக் காலம் என்று என்னைக் கேட்காதீர்கள், நடுவாற்றுக்கு இக்கரையில் பெருந்தோளன் என்றோர் அரசன் ஆண்டுவந்தான். அவனுக்கு வாள் சுழற்றத் தெரியும், யானை ஏறத் தெரியும், ஓரளவு நீதியும் தெரியும். ஆனால் அவன் பெருமைப்பட்டுக்கொண்டது வேறொன்றைப் பற்றி. அவன் மோர்க்குழம்பு வைப்பான்.

மாதம் ஒரு முறை கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு மடப்பள்ளிக்குள் நுழைவான். அன்றைக்கு மந்திரி முதல் யானைப்பாகன் வரை அத்தனை பேருக்கும் அந்தக் குழம்புதான். பாவம், அரசனுக்குப் பெரிய கை. உப்பு எப்போதும் ஒரு பிடி கூடுதலாக விழுந்துவிடும். சாப்பிட்டவர்கள் "அமிர்தம், அரசே!" என்பார்கள். பிறகு எழுந்துபோய் ஆளுக்கு ஒரு செம்புத் தண்ணீர் குடிப்பார்கள். இருபது வருடமாக இப்படியே நடந்துவந்தது. அரண்மனை விகடகவி குப்பாண்டியும் "அமிர்தம்" என்றுதான் சொல்லிவந்தான். ஊரையே கேலி பேசுகிறவன், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டான். அதற்காக அவன் பின்னால் ரொம்பவும் வருத்தப்பட்டான்.

ஒருநாள் அக்கரை அரசனின் தூதன் வந்திருந்தான். அன்றைக்குப் பார்த்துக் குழம்பு நாள். தூதன் ரசித்துச் சாப்பிட்டான். இலையை வழித்தான். அரசன் ஆசையாகக் குனிந்து, "எப்படி இருக்கிறது?" என்று கேட்டான்.

"நன்றாக இருக்கிறது, அரசே. உப்புத்தான் கொஞ்சம் தூக்கல்" என்றான் தூதன்.

மண்டபத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். இருநூறு பேரும் தத்தம் இலையைப் பார்த்தார்கள்.

தூதன் ஆற்றைக் கடந்து வீடு போய்ச் சேருவதற்குள் அரசன் முடிவு செய்துவிட்டான். "தூதனின் நாக்கு அவன் அரசனின் நாக்கு. நம் விருந்தைப் பழித்துவிட்டார்கள். படை கிளம்பட்டும்!"

ஆனால் படை அப்படிச் சட்டென்று கிளம்பிவிட முடியாது. அந்த நாட்டில் ஒரு பழைய முறை இருந்தது. ஆற்றைத் தாண்டிப் போருக்குப் போவதென்றால் முதலில் படைமுரசு முழங்க வேண்டும். முரசு சபை மண்டபத்தில் இருக்கும். அதன் தோலை இழுத்துக் கட்டுகிற வார்கள் அங்கே இருக்காது. மொத்தம் பன்னிரண்டு வார், நாட்டில் பன்னிரண்டு சீமை. சீமைக்கு ஒன்றாக அவை பன்னிரண்டு நாட்டாமைகளின் வீட்டுப் பரணில் கிடக்கும். போர் வேண்டும் என்று ஒரு சீமை நினைத்தால் அதன் நாட்டாமை வாரைக் கொண்டுவந்து கட்டுவார். வேண்டாம் என்று நினைத்தால் வெறுங்கையோடு வருவார். பெருந்தோளனின் கொள்ளுப்பாட்டன் மூன்று போரில் தோற்று நாலாவதற்குக் கிளம்பியபோது, சபை கூடி இந்த ஏற்பாட்டைச் செய்ததாகச் சொல்வார்கள்.

சபை கூடியது. நாலு பேர் வாரோடு வந்தார்கள். எட்டுப் பேர் கையை வீசிக்கொண்டு வந்தார்கள்.

"மற்ற வார்கள் எங்கே?" என்று அரசன் கேட்டான்.

நாட்டாமைகளில் மூத்தவரான ஒச்சப்பர் எழுந்தார். "மகாராசா, வெள்ளாமை அறுப்புக்கு நிக்குது. அதோட, எங்க சீமைப் பொண்ணுக எம்பத்தாறு பேரு அக்கரையில வாக்கப்பட்டிருக்காக. உப்பு கூடிப்போச்சுன்னு ஒருத்தன் சொன்னதுக்கா பொண்ணு குடுத்த ஊரைக் கொளுத்தப் போறோம்? வார் பரண்லதான் இருக்கு. அங்கனயே இருக்கட்டும்."

அரசன் விறுவிறுவென்று இறங்கிப் போய், கட்டியிருந்த நாலு வாரோடு முரசை ஓங்கி அடித்தான். நனைந்த சாக்கைத் தரையில் போட்டதுபோல 'தொப்' என்றது. மறுபடி அடித்தான். மறுபடியும் தொப். வாசலில் நின்ற யானைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. குப்பாண்டி மட்டும் சிரித்துவிட்டான். அங்கேதான் வினை பிடித்தது.

மந்திரி கைலாயருக்கும் தளவாய் வேங்கையனுக்கும் குப்பாண்டியைக் கண்டால் ஆகாது. சாப்பாட்டுப் பந்தியில் அரசனுக்குப் பக்கத்து இலை அவனுக்குப் போடப்படுவது அவர்கள் வயிற்றெரிச்சல். அன்று பிற்பகலே இருவரும் அரசனின் அறைக்குப் போனார்கள்.

"அரசே, முரசு போருக்குத்தானே?" என்று மந்திரி மெல்ல ஆரம்பித்தார். "வேட்டைக்கு எதற்கு முரசு? தாங்கள் அக்கரைக் காட்டில் வேட்டையாடப் போகிறீர்கள். துணைக்கு மூவாயிரம் பேர் வருகிறார்கள். வேட்டைக்குச் சபையைக் கேட்க வேண்டும் என்று எந்த ஏட்டிலும் எழுதியிருக்கவில்லை."

"அங்கே போன பிறகு?"

"அங்கே போன பிறகு வேட்டை கொஞ்சம் பெரிதாகிவிடும்."

அரசனின் முகம் மலர்ந்தது. தளவாய் ஒரு படி மேலே போனார். "வேட்டை அதிகாரியாகக் குப்பாண்டியையே போடலாம், அரசே. வழக்கப்படி வேட்டை அதிகாரிதான் முதல் படகில் கொடி பிடித்துப் போகவேண்டும்." முதல் படகில் போகிறவன் மேல்தான் முதல் அம்பு விழும் என்பதை அவர் சொல்லவில்லை. மந்திரிக்கு அது சொல்லாமலே புரிந்தது.

மறுநாள் காலை, சபை கலைவதற்கு முன், அரசன் வேட்டையை அறிவித்தான். "குப்பாண்டி, நீதான் வேட்டை அதிகாரி. எல்லாம் முறைப்படி நடக்கவேண்டும். வேட்டை முறையில் ஓர் அணு பிசகினாலும் உன் தலை உனக்கில்லை."

குப்பாண்டி எழுந்து கும்பிட்டான். "அரசே, ஒரே ஒரு சந்தேகம். இது வேட்டையா, வேறு ஏதாவதா?"

"வேட்டை."

"முழுக்க முழுக்க வேட்டையா?"

"முழுக்க முழுக்க வேட்டைதான்!"

ஒச்சப்பர் திரும்பி மற்ற நாட்டாமைகளைப் பார்த்தார். "நல்லாக் கேட்டுக்கிட்டீகளாப்பா? வேட்டையாம்."

குப்பாண்டி வீட்டுக்குப் போனபோது அவன் மனைவி பிச்சம்மை அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுப்பு எரியவில்லை. அவர்களுடைய ஒரே மகள் செண்பகவடிவு அக்கரையில், ஆற்றை ஒட்டிய மஞ்சக்கரை ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தலைச்சன் பிள்ளை, ஏழாம் மாதம். அடுத்த வெள்ளிக்கிழமை வளைகாப்பு. வாங்கி வைத்த கண்ணாடி வளையல் பெட்டி மாடத்தில் இருந்தது.

"நீங்க கொடி பிடிச்சுக்கிட்டுப் போற ஊருலதான் நம்ம புள்ள இருக்கா. தெரியுதா?"

"தெரியுது."

"சிரிச்சது நீங்கதானே?"

"நான்தான்."

"அந்த வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கக் கூடாதா?"

"சும்மா இருந்திருந்தா வேற எவனாச்சும் கொடி பிடிச்சுட்டுப் போவான். ஊரு அப்பவும் எரியும், பிச்சம்மை." அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "சும்மா இருந்ததுதான் தப்பு. குழம்புல உப்பு கூடன்னு இருவது வருசத்துக்கு முன்னாடியே நான் சொல்லியிருந்தா, இன்னிக்கு இது இல்ல."

அவனுக்குப் பயமாக இருந்தது. தன் கழுத்தைப் பற்றிய பயம் அல்ல அது. ஆற்றங்கரை ஊரில் முதலில் எரிவது எந்த வீடு, ஏழு மாத வயிற்றோடு ஒருத்தி எவ்வளவு தூரம் ஓடமுடியும் என்பதையெல்லாம் மனம் தானாகவே நினைத்துப் பார்த்தது. பிச்சம்மை அழ ஆரம்பித்தாள். அவனுக்கும் அழவேண்டும்போல இருந்தது.

"அப்ப என்னதான் செய்யப் போறீக?"

"வேட்டைக்குப் போகப் போறேன்" என்றான் குப்பாண்டி. "ஓர் அணு பிசகாம."

மூன்றாம் நாள் படை மைதானத்தில் கூடியது. மூவாயிரம் பேர், நாற்பது யானை. குப்பாண்டி ஒரு பனையோலையைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"யானைகள் கொட்டிலுக்குப் போகட்டும். யானையைக் கண்டால் முயல் ஓடிவிடும்."

யானைகள் போயின.

"கேடயங்களைக் கீழே வையுங்கள். பன்றி அம்பு விடுவதில்லை. வாள்களையும் வையுங்கள். கறி வெட்டுகிற இடத்தில் இரண்டு இருந்தால் போதும். ஆளுக்கொரு கழி, நாலு பேருக்கொரு வலை, புதர் கலைக்கப் பத்துப் பேருக்கொரு கொட்டு. எடுத்துக்கொள்ளுங்கள்."

தளவாய் வேங்கையன் குதிரையை விட்டுக் குதித்து வந்தார். "அடேய்! கேடயம் இல்லாமல் போனால் என் வீரர்கள் அங்கே எதை எதிர்கொள்வார்கள் என்று உனக்குத் தெரியுமா?"

"தெரியாதே" என்றான் குப்பாண்டி. "எதை, தளவாயே?"

பக்கத்தில் எட்டு நாட்டாமைகள் நின்றிருந்தார்கள். அரச வேட்டை என்றால் நாய் வைத்திருக்கிற எவரும் கூட வரலாம் என்பது வழக்கம். சீமைக்குச் சீமை ஆட்கள் நாய்களோடு வந்துகொண்டிருந்தார்கள். ஒச்சப்பர் காதில் கையை வைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "சொல்லுங்க தளவாயே, எதை? வேற ஏதாச்சும்னா சபையைக் கூட்டிருவோம்."

தளவாய் வாயைத் திறந்தார். மூடினார். "பன்றியை" என்றார்.

"அப்ப கழி போதும்" என்றார் ஒச்சப்பர்.

வேட்டைக்கு முந்தைய நாள் மந்திரி கைலாயர் மூச்சிரைக்க அரசனிடம் ஓடிவந்தார். "துரோகம், அரசே! இந்தக் குப்பாண்டி, நாம் எந்த நாள், எந்தத் துறையில் இறங்குகிறோம் என்பதை அக்கரை அரசனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டான்!"

குப்பாண்டி அழைத்துவரப்பட்டான். வழியில் நாட்டாமைகளும் சேர்ந்துகொண்டார்கள்.

"சொல்லி அனுப்பியது உண்மையா?" என்று அரசன் உறுமினான்.

"உண்மை, அரசே. வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்லி அனுப்பினேன். அடுத்தவர் காட்டில் வேட்டையாடுகிறவர் காட்டுக்குடையவருக்கு முன்கூட்டியே சொல்லவேண்டும். முதலில் விழுந்ததில் ஒரு தொடையும் கொடுக்கவேண்டும். அதுதான் முறை. ஓர் அணு பிசகினாலும் தலை போகும் என்று தாங்கள்தானே சொன்னீர்கள்?"

"ஐயோ, அவர்கள் தயாராக இருப்பார்களே!" என்று மந்திரி கைகளைப் பிசைந்தார்.

"இருக்கட்டுமே, மந்திரியாரே. முயலுக்குத்தான் தெரியக் கூடாது."

அரசன் மந்திரியைப் பார்த்தான். மந்திரி தளவாயைப் பார்த்தார். தளவாய் ஒச்சப்பரைப் பார்த்தார். போரை நிறுத்தச் சொல்ல முடியாது, ஏனென்றால் போர் என்று ஒன்று இல்லை. வேட்டையை நிறுத்தினால் ஊர் சிரிக்கும். "வேட்டை நடக்கட்டும்" என்றான் அரசன். குரலில் பழைய வேகம் இல்லை.

மறுநாள் காலை ஆறு முழுக்கப் படகாக இருந்தது. மூவாயிரம் வீரர்கள் கழியோடு போனார்கள். ஐயாயிரம் ஊர்க்காரர்கள் எழுநூறு நாய்களோடு போனார்கள். அக்கரையில் பெண் கொடுத்தவர்கள் பலகாரத் தூக்கும் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பக்கம் போய்விட்டு வெறுங்கையோடு சம்பந்தி வீட்டு வாசலில் நிற்க முடியுமா? முதல் படகில் குப்பாண்டி ஒரு கையில் கொடியும், இன்னொரு கையில் வளையல் பெட்டியுமாக நின்றான். அவனுக்குப் பக்கத்தில் அரசன். போரில் அரசன் பின்னால் மேட்டில் குடை நிழலில் நிற்பான். வேட்டையில் முதல் ஈட்டி அரசனுடையது, ஆகவே முதல் ஆளாக அவன்தான் இறங்கவேண்டும். வேட்டைத் தெய்வத்தைக் கும்பிட்டுவிட்டு வந்ததால் காலில் செருப்பும் கிடையாது.

அரசன் கூழாங்கல் மேல் நொண்டிக்கொண்டே கரையேறினான். நிமிர்ந்து பார்த்தான்.

எதிரே ஐம்பது அடி தூரத்தில் அக்கரை அரசன் நின்றிருந்தான். உப்பைச் சொன்ன தூதன் அவன் பக்கத்தில் நின்றிருந்தான். முன்னால் மஞ்சக்கரைப் பெண்கள் ஆலத்தித் தட்டோடு வரிசையாக நின்றார்கள். அக்கரைக்காரர்களும் ஏமாளிகள் அல்லர். கரைமேட்டில் நானூறு பேர் வில்லோடு நின்றார்கள். நாண் ஏற்றியிருந்தது, அம்பு தொடுக்கவில்லை.

தளவாய் அரசனின் காதருகே வந்தார். "முதல் ஈட்டி தங்களுடையது. அந்தத் தூதன் மேல் எறியுங்கள். கழியோ வாளோ, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

தூதனின் முகத்தைப் பார்த்ததும் அரசனுக்குக் குழம்பு ஞாபகம் வந்தது. இருநூறு பேர் முன்னால் பட்ட அவமானம் ஞாபகம் வந்தது. கை தானாக ஈட்டியோடு மேலே போனது. மேட்டில் நானூறு கைகள் அம்பறாத்தூணிக்குப் போயின.

"அரசே" என்றான் குப்பாண்டி. அவன் குரல் நடுங்கியது. அந்தக் குரல் நடுங்கி அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. "முறையில் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். சினையாக இருப்பதைக் கொல்லக் கூடாது. வேடர்கள்கூட, வலையில் விழுந்தால் அவிழ்த்து விட்டுவிடுவார்கள்."

"இங்கே எது சினை?"

"தூதருக்கு இடப்பக்கம், மஞ்சள் சேலை. ஏழு மாதம். என் மகள்."

அரசன் பார்த்தான். மஞ்சள் சேலைக்காரி ஒரு கையில் தட்டை ஏந்தி, இன்னொரு கையால் வயிற்றைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். முதல் படகில் கொடியோடு வந்த அப்பனைப் பார்த்து, எந்த முகம் காட்டுவது என்று தெரியாமல் நின்றாள்.

"உன் மகள் இங்கே இருக்கிறாள் என்று சபையில் ஏன் சொல்லவில்லை?"

"சொன்னார்களே, அரசே. எண்பத்தாறு பேர் என்று ஒச்சப்பர் சொன்னார். அதில் ஒருத்தி."

அரசன் மறுபடியும் அவளைப் பார்த்தான். பிறகு ஈட்டியைக் கீழே இறக்கி, மணலில் குத்தி நிறுத்தினான். "வேட்டையைத் தொடங்குங்கள்" என்றான். மேட்டில் வில்கள் தாழ்ந்தன. செண்பகவடிவு கையிலிருந்த தட்டைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டு, "அப்பா!" என்று ஓடிவந்தாள். "அடி, ஓடாதே, ஓடாதே!" என்று இரண்டு கரையிலும் பெண்கள் கத்தினார்கள்.

வேட்டை நடந்தது. மூவாயிரம் வீரர், ஐயாயிரம் ஊர்க்காரர், எழுநூறு நாய். அகப்பட்டது ஒரு முயல். அதன் ஒரு தொடை முறைப்படி அக்கரை அரசனுக்குப் போனது. தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனவர் தளவாய் வேங்கையன். வேட்டையில் படைத்தலைவருக்கு அந்த வேலைதான் என்று குப்பாண்டியின் ஓலையில் இருந்தது.

மதியம் விருந்து. அக்கரை அரசன் மரியாதைக்கு மோர்க்குழம்பே வைக்கச் சொல்லியிருந்தான். பெருந்தோளன் ஒரு கவளம் வாயில் போட்டான். சமையல்காரன் புத்தி எங்கே போகும்? யோசிக்காமல், "நன்றாக இருக்கிறது. உப்புத்தான் கொஞ்சம் மட்டு" என்றுவிட்டான்.

அக்கரைக்காரர்கள் எல்லாரும் தத்தம் இலையைப் பார்த்தார்கள்.

பக்கத்து இலையிலிருந்து குப்பாண்டி பவ்வியமாகக் கேட்டான். "அரசே, இவர்களிடம் படைமுரசு இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு வரட்டுமா?"

பெருந்தோளன் அவனைப் பார்த்தான். தூதனைப் பார்த்தான். தன் இலையைப் பார்த்தான். தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. பிறகு வாயில் சோறு இருப்பதையும் மறந்து சிரித்தான். அக்கரை அரசன் சிரித்தான். தூதன்தான் கடைசியாக, கொஞ்சம் பயத்தோடு சிரித்தான்.

"குப்பாண்டி" என்றான் அரசன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உண்மையைச் சொல். என் குழம்பில் உப்பு?"

"தூக்கல், அரசே. இருபது வருடமாகத் தூக்கல். நானும் பொய்தான் சொல்லிவந்தேன். மன்னிக்கவேண்டும்."

"கைலாயரே?"

மந்திரியின் கை பழக்கத்தில் தண்ணீர்ச் செம்பைத் தேடியது.

"என்ன வேண்டும், கேள்" என்றான் அரசன் குப்பாண்டியிடம்.

"ஆற்றைத் தாண்டி ஆயுதத்தோடு நூறு பேருக்கு மேல் போனால், அதற்கு வேட்டை, யாத்திரை, உலா என்று என்ன பெயர் வைத்தாலும் பன்னிரண்டு வாரும் கட்டியாகவேண்டும். அதை முரசின் கட்டையிலேயே செதுக்கிவிடுங்கள், அரசே."

"நான் கோபத்தில் இருக்கும்போது நாட்டாமைகள் தாமதம் செய்வார்களே?"

"செய்வார்கள், அரசே. பத்து நாள் ஆகும். பத்து நாளில் எந்தக் குழம்பும் ஆறிப்போகும்."

அரசன் மறுபடியும் சிரித்தான். கையிலிருந்த பொற்காப்பைக் கழற்றி, வெள்ளிக்கிழமை வளைகாப்புக்கு என்று வளையல் பெட்டிக்குள் போட்டான். ஊர் திரும்பிய மறுநாளே தச்சனை வரவழைத்து முரசில் செதுக்கச் சொன்னான். செதுக்கி முடியும்வரை மந்திரியும் தளவாயும் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டு வாசித்துச் சரிபார்க்கவேண்டும் என்பது உத்தரவு.

அடுத்த மாதம் குழம்பு நாள் வந்தது. அரசன் மடப்பள்ளியில் உப்பு ஜாடிக்குள் கையை விட்டவன், அப்படியே நின்று, "குப்பாண்டி, எவ்வளவு?" என்று கேட்டான்.

"கையில் இருப்பதில் பாதி, அரசே."

பாதியைத்தான் போட்டான். அன்றைக்குப் பந்தி முடிந்து, யாரும் எழுந்துபோய்த் தண்ணீர் குடிக்கவில்லை.